பிஷெட் போய்விட்டார், சீஸ் வந்திருக்கிறார்: 2026இல் ப்ளூ ஜேஸ் தேறுமா?

ஒன்பதாம் இன்னிங்
24 ஜனவரி 2026

எங்கள் ரொறன்ரோ ப்ளூ ஜேஸ் பேஸ்போல் அணி எடுக்க முயன்ற அடிப்பாளர் கைல் டக்கர் டொட்ஜர்ஸுக்குப் போய், எங்கள் பிஷெட்டும் மெட்ஸுக்குப் போய் ஒரு வாரம் கடந்துவிட்டது. அந்த நாட்களிலேயே இங்கே எழுதியிருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும். இப்போது ஆற அமரப் பேசலாம்.

நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வந்தவர்கள்: பிட்சர் (பந்துவீச்சாளர்) டிலன் சீஸ், 7 வருடத்துக்கு 210 மில்லியன் டொலர். பிட்சர் கோடி போன்ஸ், 3 வருடம், 30 மில்லியன். பிட்சர் டைலர் ரோஜர்ஸ், 3 வருடம், 37 மில்லியன். ஜப்பானிலிருந்து அடிப்பாளர் கசுமா ஒகமோட்டோ, 4 வருடம், 60 மில்லியன். எங்கள் பிட்சர் ஷேன் பீபர் விரும்பினால் வெளியே போகலாம் என்றிருந்தும், 16 மில்லியனுக்கு இன்னொரு வருடம் இங்கேயே இருக்கிறேன் என்றுவிட்டார். போனவர்களில் பெரியவர் போ பிஷெட். மெட்ஸ் அவருக்குக் கொடுத்தது 3 வருடத்துக்கு 126 மில்லியன், இடையில் விலகிக்கொள்ளும் உரிமையோடு.

என் கவலையை நேரடியாகவே சொல்கிறேன். 2025இல் எங்களை உலகத் தொடர் (இரண்டு லீகின் சம்பியன்கள் மோதும் இறுதித் தொடர்) வரை தூக்கிக்கொண்டு போனது பேட்டிங். அதுவும் பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பும் வெறும் ஹோம் ரன் பேட்டிங் இல்லை. 30 அணிகளிலும் ஆகக் குறைவாக ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆனவர்கள் நாங்கள். அணியின் சராசரி .265, அதிலும் முதலிடம். எந்த பிட்சர் வந்தாலும் பந்தைத் தொட்டு, ஃபவுல் அடித்து, அவரைக் களைக்கச் செய்துதான் வென்றோம். அந்த வரிசையின் நடுவில் நின்றவர் பிஷெட்: சராசரி .311, 181 ஹிட், 94 ஆர்.பி.ஐ. (தன் அடியால் கொண்டுவந்த ரன்). செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து முழங்கால் காயத்தோடு வெளியே இருந்தும் இந்தக் கணக்கு.

இந்தக் குளிர்காலத்தில் போன பணத்தில் பெரும்பகுதி பந்துவீச்சுக்குப் போயிருக்கிறது. பேட்டிங்குக்கு வந்தது ஒகமோட்டோ ஒருவர், அவரும் இந்த லீகில் ஒரு பந்துகூட சந்திக்காதவர். போன வருடத்து 94 வெற்றி இந்த முறை வராது என்பது என் கணிப்பு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

எண்கணக்கன்

காரணத்தோடு மறுக்கிறேன்.

முதலில் சீஸ். 2025இல் அவருடைய இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 4.55. அதைப் பார்த்துவிட்டு 210 மில்லியனா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஆனால் அதே வருடம் 168 இன்னிங்ஸில் 215 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். 2021 முதல் தொடர்ந்து ஐந்து வருடம், ஒவ்வொரு வருடமும் 32 ஆட்டத்துக்குக் குறையாமல் தொடங்கி, 214 ஸ்ட்ரைக்அவுட்டுக்குக் குறையாமல் எடுத்த மனிதர். பிட்சர்களின் முழங்கை இந்தக் காலத்தில் எப்படி உடைகிறது என்று பார்த்தால், ஒரு முறைகூடச் சுற்றைத் தவறவிடாமல் நிற்கும் கைக்குத் தனி விலை உண்டு.

அவருடைய குறையும் தெரிந்ததே. வாக் (நான்கு தவறான பந்தால் பேட்டர் நடந்து பேஸுக்குப் போவது) அதிகம் கொடுப்பார், பந்தை வீணாக்குவார், ஐந்தாவது இன்னிங் முடியும்போது நூறு பந்தை நெருங்கிவிடுவார். 168ஐ 32ஆல் வகுத்துப் பாருங்கள், ஓர் ஆட்டத்துக்கு ஐந்தேகால் இன்னிங். ஆக, சீஸை வாங்கினால் கூடவே நல்ல புல்பென்னும் (ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து வீசுபவர்கள்) வாங்க வேண்டும். ரோஜர்ஸை எடுத்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, பேட்டிங் குறைந்துவிட்டது என்கிறீர்கள். சான்டன்டேரை மறந்துவிட்டீர்கள். 2024இல் ஓரியோல்ஸுக்கு 44 ஹோம் ரன் அடித்தவர். தோள் காயத்தால் போன வருடம் எங்களுக்கு 54 ஆட்டம்தான் ஆடினார், .175 அடித்தார். அவருடைய ஒப்பந்தம் 92.5 மில்லியன், அதில் இதுவரை எங்களுக்குக் கிடைத்தது ஆறு ஹோம் ரன். அவர் பாதி ஆளாக வந்தால்கூட அது ஒரு கூடுதல் வரவு.

மூன்றாவதாகச் சொல்வது கசக்கும். டொட்ஜர்ஸுக்கு எதிரான உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் பிஷெட் இருந்தார். இருந்தும் தோற்றோம். ஒன்பதாவது இன்னிங், 4-3 முன்னிலை, ஒருவர் அவுட், பேஸில் யாரும் இல்லை. இன்னும் இரண்டே அவுட். மட்டை பிடித்தவர் வரிசையின் கடைசி ஆள் மிகேல் ரோஹாஸ். எங்கள் ஹாஃப்மன் முழுக் கணக்கில் (3 பால், 2 ஸ்ட்ரைக்) போட்ட ஸ்லைடர் இடது பக்கச் சுவரைத் தாண்டியது. 11ஆவதில் பீபர் போட்ட பந்தை வில் ஸ்மித் வெளியே அனுப்பினார். ஆட்டம் போனது பந்துவீச்சில். அணி நிர்வாகம் அதையே சரிசெய்திருக்கிறது.

அதிகாலை ரசிகன்

சென்னையிலிருந்து. அந்த ஆட்டம் இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குத் தொடங்கியது. வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ரோஹாஸ் அடித்ததும் நான் போட்ட சத்தத்தில் எழுந்துவிட்டார்கள்.

கிரிக்கெட்டிலிருந்து பேஸ்பாலுக்கு வந்தவன் நான். அதனால் ஒரு சந்தேகம். பிஷெட்டுக்கு வருடத்துக்கு 42 மில்லியன் டாலர். அது டொராண்டோவுக்குப் பெரிய தொகையா? உரிமையாளர் ரோஜர்ஸ் நிறுவனம், பணத்துக்குப் பஞ்சமில்லை. நம் முதன்மை அடிப்பாளர் கெரேரோவுக்கு 14 வருடத்துக்கு 500 மில்லியன் கொடுத்தவர்கள். பத்து வருடமாக நம்மிடமே வளர்ந்த ஆளை மூன்று வருடத்துக்கு வைத்துக்கொள்ள முடியவில்லையா?

ஒன்பதாம் இன்னிங்

எண்கணக்கன், அந்த இரவை நீங்கள் பாதிதான் சொன்னீர்கள். மீதியை நான் சொல்கிறேன்.

மூன்றாவது இன்னிங்கில் ஓட்டானி போட்ட பந்தை அடித்து மூன்று ரன் கொண்டுவந்தவர் பிஷெட். ஒழுங்காக ஓட முடியாத காலோடு. அந்த அடி இல்லாவிட்டால் காக்க வேண்டிய முன்னிலையே இருந்திருக்காது.

ஒன்பதாவதின் அடிப்பாதியில் ஒருவர் அவுட்டான பிறகு சிங்கிள் அடித்தவரும் அவர்தான். கால் சரியில்லை என்பதால் அவருக்குப் பதில் ஓட கைனர்-ஃபலேஃபா இறங்கினார். பேஸ் மூன்றும் நிறைந்தது. வார்ஷோ தரையில் அடித்த பந்தை ரோஹாஸ் எடுத்து ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். கைனர்-ஃபலேஃபா மயிரிழையில் அவுட். அடுத்து க்ளெமென்ட் தூக்கி அடித்ததை பாஹேஸ் தன் அணிக்காரர்மேலே மோதி விழுந்து பிடித்தார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். 11ஆவது இன்னிங், ஒரு ரன் பின்னால். கெரேரோ இடது பக்கம் டபிள் அடித்து இரண்டாவது பேஸில் நிற்கிறார். அடுத்து வர வேண்டியது பிஷெட். அவர் ஏற்கனவே வெளியே. அந்த இடத்தில் மட்டை பிடித்தது கைனர்-ஃபலேஃபா. அவர் பண்ட் போட்டார் (மட்டையால் பந்தை மெல்லத் தட்டினார்). கெரேரோ மூன்றாவது பேஸுக்குப் போனார், எங்களுக்கு ஓர் அவுட் போனது. பார்ஜர் வாக், கிர்க்கின் மட்டை உடைந்து டபிள் ப்ளே (ஒரே பந்தில் இருவர் அவுட்), முடிந்தது.

கெரேரோவுக்குப் பின்னால் பிஷெட் இல்லாத ப்ளூ ஜேஸ் எப்படி இருக்கும் என்று அந்த ஒரு இன்னிங்கில் பார்த்துவிட்டோம். கெரேரோ அந்த பிளேஓஃப் முழுக்க .397 அடித்தார், எட்டு ஹோம் ரன். இனிமேல் எந்த அணி அவருக்கு நேராகப் பந்து போடும்? நடக்கவிட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அந்த அடுத்த ஆள் யார்? இதற்குப் பதில் கிடைக்கும்வரை எனக்கு இந்தக் குளிர்காலம் பாதி வேலைதான்.

அதிகாலை ரசிகன் தம்பி, பணம் இருந்தது. சம்பளக் கணக்கு 300 மில்லியனைச் சுற்றி நிற்கிறது, சொகுசு வரியின் முதல் வரம்போ 244 மில்லியன். வரம்பைத் தாண்டிய பிறகு போடும் ஒவ்வொரு டொலருக்கும் வரியும் சேரும். ஆகவே மெட்ஸ் கொடுத்த 42ஐ நாங்கள் கொடுத்திருந்தால் உண்மையில் 42இல் நின்றிருக்காது. இருந்தாலும் மனம் ஒப்பவில்லை.

வடக்கு வாசல்

நான் பதினைந்து வயதிலிருந்து சொஃப்ட்போல் ஆடியவள், இப்போது பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். அதனால் தரையிலிருந்து பார்க்கிறேன். இந்த இழையில் இதுவரை யாரும் கையுறையை, அதாவது பந்து தடுப்பதைப் பற்றிப் பேசவில்லை.

பிஷெட் அருமையான அடிப்பாளர். ஆனால் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்பவர்) இடத்தில் அவர் போன வருடம் லீகிலேயே மிகவும் பின்தங்கியவர்களில் ஒருவர். இரண்டு பக்கமும் எட்டுவது குறைந்துவிட்டது, எறியும் கையும் பழைய கை இல்லை. காயத்துக்குப் பிறகு உலகத் தொடரில் இரண்டாவது பேஸில் நிறுத்தியது அதனால்தான். மெட்ஸும் அவரை மூன்றாவது பேஸில்தான் நிறுத்தப் போகிறார்கள்.

இனி அந்த இடத்தில் நிற்கப் போகிறவர் ஹிமெனெஸ். இரண்டாவது பேஸில் தடுப்புக்கான தங்கக் கையுறை விருது மூன்று வாங்கியவர். அவர் ஷார்ட்ஸ்டாப்பில், க்ளெமென்ட் இரண்டாவதில், வார்ஷோ நடு மைதானத்தில், கிர்க் கேட்சராகப் பின்னால். இந்த நால்வரையும் ஒரு கோட்டில் நிறுத்திப் பாருங்கள். நடுவழியாகப் போகும் பந்து பலதும் அவுட்டாகும்.

இன்னொன்று, டைலர் ரோஜர்ஸ் மாதிரி ஆளுக்கு இது உயிர். அவர் ஸ்ட்ரைக்அவுட் எடுப்பவர் இல்லை. தரையில் அடிக்கவைப்பவர். போன வருடம் 81 ஆட்டத்தில் வந்து 1.98 இ.ஆர்.ஏ. வைத்தார். தரைப் பந்தை எடுக்க ஆள் இல்லாத அணியில் இந்த மாதிரி பிட்சருக்குக் கொடுக்கும் பணம் வீண். ஹிமெனெஸ் இருக்கும் அணியில் வீணில்லை.

ஹிமெனெஸ் .210 அடித்தார் என்று உடனே ஒருவர் வந்து எழுதுவீர்கள், தெரியும். ஒன்பதாவது இடத்தில் அடிக்கட்டும். ஷார்ட்ஸ்டாப்பிடம் நான் முதலில் கேட்பது அவுட்டைத்தான்.

நீலச்சட்டை

அக்கா, அந்த ஒருவர் நான்தான். .210 மட்டும் இல்லை, அவருக்கு 2029 வரை ஒப்பந்தம் இருக்கிறது. பிஷெட் விட்டுப்போன இடத்தில் .311 போய் .210 வருகிறது. தரையில் எத்தனை பந்தைத் தடுத்தால் அந்த நூறு புள்ளி ஈடாகும்?

கார்ட்டர் காலம்

நான் 1980களின் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்தவன். வந்த புதிதில் இரவு வேலை, பகலில் தூக்கம். கூட வேலை செய்த ஒருவர்தான் இந்த விளையாட்டைக் கற்றுத் தந்தார். 92, 93 இரண்டு வெற்றியையும் பார்த்தேன். பிஷெட் போனதுக்கு நீங்கள் படும் கவலையைப் பார்க்கும்போது எனக்கு 1992இன் குளிர்காலம் நினைவு வருகிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் சம்பியன். சம்பியனான அணி அப்படியே கலைந்தது. உலகத் தொடரை வென்று தந்த டபிளை அடித்த டேவ் வின்ஃபீல்ட் மினசோட்டாவுக்குப் போனார். ஜிம்மி கீ, எத்தனையோ வருடம் எங்களுக்காக வீசிய இடதுகைக்காரர், யாங்கீஸுக்குப் போனார். டேவிட் கோன் கன்சாஸ் சிட்டிக்கு. க்ளோசர் (கடைசி இன்னிங்கை முடித்துத் தருபவர்) டொம் ஹென்கி டெக்சாஸுக்கு. ஷார்ட்ஸ்டாப் மனி லீயும் அங்கேதான். மூன்றாவது பேஸ் கெலி க்ரூபரை ட்ரேட்டில் அனுப்பினார்கள். பத்திரிகைகளில் வராத திட்டு இல்லை.

அப்போதைய பொது மேலாளர் பற் கிலிக் என்ன செய்தார்? மில்வோக்கியிலிருந்து போல் மொலிட்டரை எடுத்தார். 36 வயது ஆள், அடிக்கடி காயப்படுபவர் என்று எல்லாரும் முகம் சுளித்தார்கள். அவர் அந்த வருடம் .332 அடித்தார், உலகத் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார். 1993இல் அமெரிக்கன் லீகின் பேட்டிங் பட்டியலில் முதல் மூன்று இடமும் எங்களுக்கு: ஓலருட், மொலிட்டர், அலமார். ஹென்கி இடத்துக்கு டுவேன் வோர்ட் வந்து 45 சேவ் (முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டம்) எடுத்தார். அக்டோபர் 23 இரவு ஜோ கார்ட்டர் அடித்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இதில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அந்த அணி ஏப்ரலில் முழுமையாக இருக்கவில்லை. ஷார்ட்ஸ்டாப்பில் ஓட்டை இருந்தது, ஜூனில் டொனி ஃபெர்னாண்டஸைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஜூலை கடைசியில் ரிக்கி ஹென்டர்சன் வந்தார். கிலிக் ஓட்டையோடு சீசனைத் தொடங்கப் பயப்படவில்லை, வழியில் அடைத்தார். ஆகவே என் கேள்வி இப்போது யார் இல்லை என்பது அல்ல. ஜூலையில் ஒருவரை வாங்க இப்போதைய பொது மேலாளர் அட்கின்ஸ் கையில் என்ன இருக்கிறது என்பதே. இளையவர்களை விட்டுக் கொடுக்காமல் யாரும் நல்ல ஆளைத் தர மாட்டார்கள்.

எண்கணக்கன்

அண்ணை, அருமை. உங்கள் கேள்விக்கே ஒரு பதில்: சீஸ் தன் பழைய அணியின் தகுதிச் சலுகையை (ஒரு வருட ஒப்பந்த வாய்ப்பை) மறுத்துவிட்டு வந்தவர் என்பதால், இளையவர்களை எடுக்கும் டிராஃப்டில் எங்கள் இரண்டாவது உயர்ந்த தேர்வும் ஐந்தாவது உயர்ந்ததும் போகிறது. பிஷெட் போனதுக்கு ஈடாக ஒன்று வரும், ஆனால் வரி கட்டும் அணி என்பதால் அது நான்காவது சுற்றுக்குப் பிறகுதான். ஆக, இளையவர் பண்ணையில் வரவைவிடச் செலவு அதிகம். ஜூலையில் பெரிய ட்ரேட் செய்தால் வலிக்கும்.

நீலச்சட்டை, தனியாக .311, .210 என்று வைத்துப் பார்க்காதீர்கள். ஹிமெனெஸ் போன வருடமும் அணியில் இருந்தவர். புதிதாக வருவது ஒகமோட்டோ. பிஷெட்டின் மட்டைக்கு ஈடாக அவருடைய மட்டையைத்தான் வைக்க வேண்டும்.

நீலச்சட்டை

சரி, ஒகமோட்டோ பற்றிப் பேசுவோம். ஜப்பானில் 248 ஹோம் ரன், 2018இலிருந்து 2023 வரை வருடம் தவறாமல் 30க்குக் குறையாமல், மூன்று முறை லீகில் முதலிடம். 2023 உலக பேஸ்போல் கிளாசிக் இறுதியாட்டத்தில் அமெரிக்காவுக்கு எதிராகவும் ஒன்று அடித்தார். இதெல்லாம் சரி. ஆனால் போன வருடம் இடது முழங்கை காயத்தால் 69 ஆட்டம்தான் ஆடினார். அங்கே பார்க்கும் வேகத்துக்கும் இங்கே தினமும் வரும் 97, 98 மைலுக்கும் உள்ள வித்தியாசத்தை எத்தனை பேர் தாண்ட முடியாமல் நின்றார்கள்? கெரேரோவுக்குப் பின்னால் நிறுத்த இவரை நம்பலாமா?

போன்ஸும் அப்படித்தான். கொரியாவில் ஹன்வா ஈகிள்ஸுக்காக 17-1, இ.ஆர்.ஏ. 1.89, 252 ஸ்ட்ரைக்அவுட். அந்த லீகின் ஒரு வருடச் சாதனை. அதற்கு முன்னால் பிட்ஸ்பர்கில் நின்றபோது யாருக்கும் பெயர்கூடத் தெரியாது. 30 மில்லியனை ஒரு நல்ல வருடத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

எண்கணக்கன்

கொரியாவை அவ்வளவு இலகுவாகத் தள்ளிவிட வேண்டாம். மெரில் கெலி அங்கேயிருந்து வந்து அரிசோனாவில் இத்தனை வருடம் வீசினார். எரிக் ஃபெடி 2023இல் அங்கே மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிவிட்டு வந்து, அடுத்த வருடமே இங்கே 3.30 வைத்தார். இவ்வளவு தூரம் ஏன்? எங்கள் லோயரே 2024இல் கியா டைகர்ஸில் வீசியவர். திரும்பி வந்து 2025இல் 9-2. உலகத் தொடரின் அந்த 18 இன்னிங்ஸ் மூன்றாவது ஆட்டத்தில் புல்பென்னில் ஆளே இல்லாதபோது வந்து, நாலரை இன்னிங்ஸுக்கு மேல் ரன் கொடுக்காமல் தாங்கியதும் அவர்தான்.

போன்ஸ் மாறியிருக்கிறார் என்பதை அவருடைய பந்தில் பார்க்கலாம். வேகம் கூடியிருக்கிறது, கீழே விழும் ஸ்ப்ளிட்டரைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் பிட்சர்கள் காஸ்மன், யெசாவேஜ் இரண்டு பேரும் ஸ்ப்ளிட்டரில் பிழைப்பவர்கள். இந்த அணிக்கு அந்தப் பந்தை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியும்.

எனக்குப் பயம் யெசாவேஜ்மேல்தான். 2025ஐ டனீடினில் கீழ்மட்ட லீகில் தொடங்கிய பையன். செப்டம்பர் நடுவில்தான் முதல் ஆட்டம். அக்டோபர் கடைசியில் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸுக்கு எதிராக 12 ஸ்ட்ரைக்அவுட், ஒரு வாக்கூடக் கொடுக்கவில்லை. எல்லா மட்டத்தையும் கூட்டினால் சுமார் 140 இன்னிங்ஸ் வீசியிருக்கிறார், அதுவும் முதல் தொழில்முறை வருடத்தில். அப்படி ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தத் தோளை மே மாதமே களைப்பாக்கிவிட்டால் செப்டம்பருக்கு மிஞ்சாது. காஸ்மன், சீஸ், பீபர், போன்ஸ், பெர்ரியோஸ், லோயர் என்று ஆறு பேர் கூடவே இருப்பதால், அவரைப் பத்து நாளுக்கு ஒருமுறைகூட இறக்கலாம். போன வருடம் இந்த வசதி இருந்ததா?

வடக்கு வாசல்

அது உண்மை. பிள்ளைகளுக்குப் பழக்கும்போதே நான் பந்து எண்ணுகிறேன். இருபத்திரண்டு வயசுக் கைக்கு எண்ண வேண்டாமா?

அதிகாலை ரசிகன்

டைலர் ரோஜர்ஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லட்டுமா? எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவரைக் காட்டினால் உடனே மாலிங்கா என்பார்கள். மாலிங்காவின் கை தோளுக்குப் பக்கவாட்டில் வரும். ரோஜர்ஸின் கை முழங்காலுக்கும் கீழே, விரல் மண்ணைத் தொடுமோ என்று தோன்றும் அளவுக்கு வரும். வேகம் எண்பது மைலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 98 மைல் போடும் ஒருவரைப் பார்த்துவிட்டு அடுத்த இன்னிங்கில் இந்த ஆளைப் பார்க்கும் பேட்டரின் முகத்தைக் கவனியுங்கள், கண்ணே பழகாது. இரட்டைச் சகோதரர் டெய்லர் ரோஜர்ஸ் இப்படி வீசாத இடதுகைக்காரர் என்பது இன்னும் ஆச்சரியம்.

என் கேள்வி ஹாஃப்மன் பற்றி. 33 சேவ் எடுத்தார், ஆனால் 68 இன்னிங்ஸில் 15 ஹோம் ரன் கொடுத்தார். ரோஹாஸ் அடித்தது தற்செயல் இல்லை, வருடம் முழுக்க நடந்ததுதான் அன்றும் நடந்தது. ஒன்பதாவது இன்னிங்கை அவரிடமே மறுபடி கொடுக்கப் போகிறார்களா? மேனேஜர் ஷ்நைடர் இதைப் பற்றி வெளிப்படையாக யோசிக்க வேண்டும். ஏழாவது, எட்டாவதில் ரோஜர்ஸும் வார்லண்டும், ஒன்பதாவதில் எதிரே யார் வருகிறார்கள் என்று பார்த்து ஆளை முடிவு செய்தால் என்ன?

கார்ட்டர் காலம்

தம்பி, க்ளோசருக்கு ஒரு நிலையான இன்னிங் வேண்டும். வோர்ட் ஹென்கியின் இடத்துக்கு வந்தபோது ஏழாவதா ஒன்பதாவதா என்று யாரும் அவரைத் தடுமாறவிடவில்லை. "இது உன்னுடையது" என்று ஒப்படைத்தார்கள். ஹாஃப்மனை மாற்றுவதென்றால் முழுசாக மாற்றட்டும். அரைகுறையாகச் செய்தால் இரண்டு பேரும் கெட்டுப்போவார்கள்.

ஒன்பதாம் இன்னிங்

இன்னும் பேசாதது எங்கள் பிரிவு. போன வருடம் நாங்களும் யாங்கீஸும் 94-68 என்று சமமாக முடித்து, நேருக்கு நேர் ஆட்டக் கணக்கில்தான் பிரிவை வென்றோம். அந்த யாங்கீஸ் இந்த வாரம் பெலிஞ்சரைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். பொஸ்டன் பிரெக்மனை இழந்தாலும் சோனி கிரே, ரேஞ்சர் சுவாரெஸ் என்று பந்துவீச்சைக் கட்டிவிட்டது. ஓரியோல்ஸ் பீட் அலோன்ஸோவுக்கு 155 மில்லியன் கொடுத்திருக்கிறது. சும்மா இருந்தவர் யாருமில்லை. நாங்கள் போன வருடம்போலவே ஆடினால்கூட 94 கிடைக்காது என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

ஸ்பிரிங்கரையும் பாருங்கள். 2024இல் .220. 2025இல் .309, 32 ஹோம் ரன். இப்போது 36 வயது. மரினர்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் அவர் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் இன்னொரு 2025ஐ அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. க்ளெமென்ட் அந்த அக்டோபரில் 30 ஹிட் அடித்தார், ஒரு பிளேஓஃபில் யாருமே அடிக்காத அளவு. அதையும் ஏப்ரலில் எதிர்பார்க்கக் கூடாது. எத்தனையோ பேர் ஒரே வருடத்தில் தங்கள் வாழ்க்கையின் நல்ல ஆட்டத்தை ஆடினார்கள். அதில் பாதிப் பேர் வழக்கமான அளவுக்கு இறங்கினால் என்ன மிஞ்சும்?

இதையெல்லாம் சொல்வது அணிமேல் அன்பு இல்லாமல் இல்லை. 2026 முடிந்ததும் ஸ்பிரிங்கர், காஸ்மன், பீபர், வார்ஷோ எல்லாருடைய ஒப்பந்தமும் முடிகிறது. டிசம்பர் 1இல் வீரர் சங்கத்துக்கும் உரிமையாளர்களுக்கும் இடையிலான ஒப்பந்தமும் முடிகிறது. 2027இல் ஆட்டமே இல்லாமல் கதவு பூட்டியிருக்கலாம். இருக்கும் ஆட்களோடு இந்த ஒரு வருடம் கையில் இருக்கிறது. அப்படிப்பட்ட வருடத்தில் ஒரு பேட் குறைவாகப் போகிறோமே என்பதுதான் என் ஆத்திரம்.

நீலச்சட்டை

அப்படியென்றால் எண்ணைச் சொல்லுங்கள். நான் 88 வெற்றி. வைல்ட் கார்ட் (பிரிவை வெல்லாமலே கிடைக்கும் பிளேஓஃப் இடம்).

எண்கணக்கன்

91. பிரிவு யாங்கீஸுக்கு, எங்களுக்கு வைல்ட் கார்ட். ஆனால் அக்டோபரில் சீஸ், காஸ்மன், யெசாவேஜ் என்று மூன்று பேர் வரிசையாக வந்தால் எந்த அணியும் எங்களைச் சந்திக்க விரும்பாது.

கார்ட்டர் காலம்

95. காரணம் கேட்காதீர்கள்.

அதிகாலை ரசிகன்

90. அண்ணா, உங்கள் 95க்கு நான் தினமும் காலையில் எழுந்து பிரார்த்தனை செய்கிறேன்.

வடக்கு வாசல்

92. என் வரிசையையும் எழுதிவிடுகிறேன், திட்டுபவர்கள் திட்டலாம்: ஸ்பிரிங்கர், லூக்ஸ், கெரேரோ, ஒகமோட்டோ, கிர்க், பார்ஜர், வார்ஷோ, க்ளெமென்ட், ஹிமெனெஸ். சான்டன்டேர் முழு உடல்நலத்தோடு வந்தால் பார்ஜருக்கு மேலே. கிர்க்கைக் கெரேரோவுக்கு நேர் பின்னால் நிறுத்தக் கூடாது. அடிப்பார், ஆனால் மெதுவாக ஓடுபவர், டபிள் ப்ளே அதிகம் விழும். அந்தக் கடைசிப் பந்தைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

ஒன்பதாம் இன்னிங்

அக்கா, நானும் ஒகமோட்டோவைத்தான் நான்காவதில் வைப்பேன், வேறு வழி இல்லை. நான் சொல்வது 87. ஏப்ரல் முழுக்க ஒரு விஷயத்தை மட்டும் குறித்து வைக்கப் போகிறேன்: கெரேரோவை நடக்கவிட்ட பிறகு ஒகமோட்டோ என்ன செய்தார், எந்த பிட்சர், எந்தப் பந்து. மே 1 அன்று அந்தப் பட்டியலை இங்கேயே போடுகிறேன். அதில் அவர் வேகப் பந்தை வலது பக்கம் அடிக்கத் தொடங்கியிருந்தால் என் 87ஐ ஏற்றிக்கொள்கிறேன். இல்லையென்றால் ஜூலைக்கு முன்பே அட்கின்ஸ் தொலைபேசியை எடுக்க வேண்டியிருக்கும்.